பிள்ளை யார் வீட்டில், எந்தக் கிழமை?

விவாகரத்துக்குப் பிறகு பிள்ளைகளை வைத்து வரும் சிக்கல்களை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ரகம்: ஆர்டர் வாங்கியாச்சு, இப்போது அது பொருந்தவில்லை.

பதிலுக்கு முன் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2007-இல், வக்கீலாகக் கொஞ்சம் பேர் தெரிய ஆரம்பித்திருந்த காலம், கோவையில் ஒரு தம்பதிக்குக் கூட்டு மெமோ, அதாவது இருவரும் சம்மதித்து நீதிமன்றத்தில் கொடுக்கும் ஒப்பந்தம், எழுதிக் கொடுத்தேன். "தகப்பனார் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம்." அவ்வளவுதான். எந்த ஞாயிறு, எத்தனை மணிக்கு, எங்கே வைத்து, யார் கொண்டுவந்து விடுவது, ஒன்றும் இல்லை. மூன்றே மாதத்தில் இரண்டு பேரும் என் ஆபீஸ் படியில் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். அந்த மாதம் ஐந்து ஞாயிறு வந்துவிட்டது. முதலும் கடைசியும் என்கிறார் அவர்; இரண்டாவதும் நான்காவதும் என்கிறார் அந்தம்மா. நடுவில் நாலு வயதுப் பெண். என் குமாஸ்தா கொடுத்த ரப்பர் ஸ்டாம்பைத் தன் கையிலேயே குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முழங்கை வரைக்கும் "உண்மை நகல்", "உண்மை நகல்". இரண்டாவது மெமோவுக்கு நான் பீஸ் வாங்கவில்லை. அதற்குப் பிறகு நான் எழுதும் மெமோவைப் பார்த்து, "என்ன மேடம், ரயில்வே டைம்டேபிளா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல்கள் கேலி செய்வதுண்டு. செய்யட்டும்.

கேள்வி: 2019-இல் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து ஆனது. மகனுக்கு அப்போது 3 வயது, இப்போது 9. என்னிடம்தான் வளர்கிறான். ஒவ்வொரு ஞாயிறும் காலை 10 முதல் மாலை 5 வரை அப்பா அழைத்துப் போகலாம் என்று தீர்ப்பில் இருக்கிறது; அப்படியே நடக்கிறது. இப்போது கம்பெனி என்னைச் சென்னைக்கு மாற்றுகிறது. "நீயே கையெழுத்துப் போட்டது, மாற்ற முடியாது, மீறினால் கோர்ட் அவமதிப்பு" என்கிறார் அவர். மாற்றவே முடியாதா?
– ஒரு வாசகி, திருப்பூர்

மாற்றலாம். அவர் சொல்வதில் பாதி சரி: ஆர்டர் உயிரோடு இருக்கும்வரை அதை மீறினால் குற்றம் உங்கள் பேரில்தான். மீதிப் பாதி சரியில்லை. கையெழுத்துப் போட்டபோது பையனுக்கு மூன்று வயது. அந்த வயதில் தைத்த சட்டையை இன்றைக்குப் போட்டுவிடுவீர்களா?

1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவு, பிள்ளையின் பொறுப்பு, பராமரிப்பு, படிப்பு பற்றிய உத்தரவுகளைத் தீர்ப்புக்குப் பிறகும் அவ்வப்போது போடவும், மாற்றவும், நிறுத்தி வைக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிந்தவர்களுக்கு இதே வேலையை 38-வது பிரிவு செய்யும். ரோசி ஜேக்கப் வழக்கு என்று ஒன்று உண்டு. நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, 1973-இல் தீர்ப்பு. பிள்ளைகள் பெற்றவர்களின் உடைமையும் இல்லை, விளையாட்டுச் சாமானும் இல்லை. அவர்களைப் பற்றிய உத்தரவு, இருவரும் சம்மதித்துப் போட்டதாகவே இருந்தாலும், நிலைமை மாறினால் மாறும் என்று அதில் தெளிவாகச் சொன்னார்கள். உங்களுடையதைப் போலவே ஒரு வழக்கு 2010-இல் வந்தது, விக்ரம் வீர் வோரா வழக்கு. சம்மத விவாகரத்து, பையன் அம்மாவிடம், அம்மாவுக்கு ஆஸ்திரேலியாவில் வேலை. நீதிபதிகள் பையனிடம் தனியாகப் பேசிப் பார்த்துவிட்டு, அம்மாவோடு போகலாம் என்றார்கள். அப்பா பார்ப்பதற்கும் வழி வைத்தார்கள். ஆஸ்திரேலியாவே ஆகும்போது சென்னை ஆகாதா?

ஆனால் வரிசை முக்கியம். முதலில் வீடு மாறி, டி.சி. வாங்கி, சென்னையில் பள்ளியில் சேர்த்துவிட்டு, அப்புறம் மனுப் போடுபவர்கள் நிறையப் பேர். "அப்பாவுக்குத் தெரியாமல் தூக்கிக்கொண்டு போனவள்" என்று எதிர் மனுவின் முதல் பாராவிலேயே வரும், அதைக் கழுவவே நாலு வாய்தா போகும். மாற்றல் கடிதம் கைக்கு வந்த வாரமே அவருக்கு எழுதுங்கள். எழுத்தில், மரியாதையாக, "நீங்கள்" போட்டு. பழைய கதை ஒரு வரி வேண்டாம். அந்தக் கடிதத்தைப் பிறகு நீதிபதி படிக்கப் போகிறார் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள்.

அதில் "ஞாயிறு இனி முடியாது" என்று மட்டும் எழுதினால் அது கடிதம் இல்லை, சண்டைக்கு அழைப்பு. ஞாயிறுக்குப் பதில் என்ன என்பதையும் சேர்த்தே கொடுங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வாரம் 7 மணி நேரம், வருஷத்துக்கு 52 ஞாயிறு, 364 மணி நேரம். ஆனால் ஒரு ராத்திரிகூட மகன் அப்பா வீட்டில் தூங்கியதில்லை. மூன்று வயதில் அது சரி. ஒன்பது வயதில், மாதம் ஒரு வாரக்கடைசி வெள்ளி இரவிலிருந்து ஞாயிறு மாலை வரை, காலாண்டு விடுமுறையில் பாதி, அரையாண்டு விடுமுறையில் பாதி, மே மாதத்தில் மூன்று வாரம் என்று வைத்தால், அவருக்கு இப்போது கிடைப்பதைவிட அதிகமாகவே கிடைக்கும். பக்கத்தில் படுத்துத் தூங்குகிற பிள்ளை, காலையில் பல் தேய்க்க அடம்பிடிக்கிற பிள்ளை. ஷாப்பிங் மாலில் ஏழு மணி நேரம் சுற்றுவதில் அது கிடைக்காது. இதை அவர் புரிந்துகொண்டால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

இனி டைம்டேபிள். எந்த மாதம் எந்த வாரக்கடைசி என்பதை இரண்டு மாதத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள், ஏனென்றால் ரயிலில் இப்போது 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது, திறந்த அன்றைக்கே போட்டால்தான் சேரன் எக்ஸ்பிரஸில் இடம் கிடைக்கும். டிக்கெட் காசு யாருடையது? ஐந்து வயது தாண்டிய பிள்ளைக்குத் தனி பெர்த் கேட்டால் முழுக் கட்டணம், இதையும் எழுதுங்கள். யார் எந்த ஸ்டேஷன் வரை கொண்டுவருவது? ஒரு மாதம் அவர் சென்னைக்கு வருவது, ஒரு மாதம் நீங்கள் திருப்பூருக்குக் கொண்டுவிடுவது என்று வைத்தால் அலைச்சல் பங்காகும். தீபாவளி ஒரு வருஷம் உங்களுக்கு, பொங்கல் அவருக்கு. மறு வருஷம் மாற்றி. பையனுக்குக் காய்ச்சல் வந்து அந்த வாரம் முடியாமல் போனால் அடுத்த எந்த வாரம் ஈடு? பள்ளி ஆண்டுவிழாவுக்கு இருவரும் வரலாமா? எதையும் "அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள். அந்த "அப்போது" வரும்போது நீங்கள் இரண்டு பேரும் நல்ல மனநிலையில் இருக்க மாட்டீர்கள்.

அவர் ஒத்துக்கொண்டால் இருவரும் கூட்டு மெமோவாகத் தீர்ப்புச் சொன்ன அதே நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, புதிய உத்தரவாக வாங்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் "ஓகே" வாங்கி வைத்துக்கொள்வது போதாது. நாளைக்கு உரசல் வந்தால் பழைய ஆர்டரைத்தான் எடுத்து நீட்டுவார். ஒத்துக்கொள்ளாவிட்டால் நீங்கள் மட்டும் மாற்றக் கேட்டு மனுப் போடலாம். கவுன்சலிங், எதிர் மனு என்று சில மாதம் ஓடும். சமரச மையத்துக்கு அனுப்பினால் முகம் சுளிக்காதீர்கள். நீதிமன்றத்தோடு சேர்ந்த சமரச மையம் இந்தியாவிலேயே முதலில் 2005-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் வந்தது, இந்த மாதிரி விஷயத்துக்கு அந்த மேஜை நல்ல மேஜை. மாற்றல் தேதி நெருங்கினால் இடைக்கால உத்தரவும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன், மகள் (7) அம்மாவோடு சேலத்தில். தினமும் வீடியோ கால் பேசலாம் என்று ஆர்டர் இருக்கிறது. அம்மா தடுப்பதில்லை. ஆனால் குழந்தை பேச மாட்டேன் என்கிறாள். "சாப்பிட்டியா" – "ம்". "ஸ்கூல் எப்படி" – "ம்". ரெண்டு நிமிஷத்தில் போனைக் கொடுத்துவிட்டு ஓடிவிடுகிறாள். அம்மா சொல்லிக்கொடுத்திருப்பாரோ?
– ஒரு தகப்பன், பெங்களூர்

அம்மா சொல்லிக்கொடுக்கவில்லை ஐயா. "சாப்பிட்டியா" என்று கேட்டால் எனக்கும் "ம்" தான் வரும்.

2020 ஜனவரியில் யஷிதா சாகு வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளையைப் பிரிந்திருக்கும் பெற்றவர் தினமும் ஐந்து பத்து நிமிடமாவது பிள்ளையோடு பேச வழி இருக்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு, நானே பல மனுக்களில் காட்டியிருக்கிறேன். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் என்ன பேசுவது என்று எந்த நீதிபதி எழுதித் தருவார்?

நாமக்கல்லில் எனக்கு ஒரு கட்சிக்காரர் இருந்தார், லாரி டிரைவர். நாக்பூர் லோடு. மகனுக்கு எட்டு வயது, அம்மாவிடம். முதல் ஆறு மாதம் உங்கள் கதையேதான், "ம்", "ம்". ஒரு நாள் கர்னூல் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டுப் போன் போட்டவர், பேச ஒன்றும் தோன்றாமல், "டேய், இப்ப ஒரு பெரிய ஆத்தத் தாண்டினேன், என்ன ஆறுன்னு உன் புக்குல பாத்துச் சொல்லு" என்றிருக்கிறார். பையன் ஸ்கூல் அட்லஸை எடுத்துவந்து தேடி, துங்கபத்திரை என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம். அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பையன் போனை வைக்கவில்லை, இவர் வைத்தார். அதன்பிறகு ஒவ்வொரு ட்ரிப்புக்கும் சிவப்புப் பென்சிலில் கோடு. கிருஷ்ணா, கோதாவரி, எந்த டோல்கேட், அங்கே டீ என்ன விலை. அடுத்த வாய்தாவுக்கு அந்த அம்மா என்னைப் பார்த்து, "மேடம், அட்லஸ் கிழிஞ்சே போச்சு" என்று சொன்னபோது குரலில் கோபம் இல்லை.

நீங்கள் என்ன வேலை என்று எழுதவில்லை. ஆனால் ஜன்னலுக்கு வெளியே ஏதாவது இருக்கும். பூனை, கட்டிக்கொண்டிருக்கும் மெட்ரோ தூண், கருகிப்போன உங்கள் தோசை. ஏழு வயதுக்காரிக்குக் கருகிய தோசை பெரிய விஷயம். அப்பாவுக்குச் சமைக்கத் தெரியாது என்பது அதைவிடப் பெரிய விஷயம். கேள்வி கேட்காமல் எதையாவது காட்டுங்கள், இல்லை அவளை எதையாவது காட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷத்தில் ஓடினால் ஓடட்டும், ஓடுகிற பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைக்கச் சொல்லி அம்மாவுக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள். ஒன்று மட்டும் தவறக்கூடாது: எட்டு மணி என்றால் எட்டு மணி. மீட்டிங் இருந்தால் காலையிலேயே சொல்லுங்கள். பேசுவதில் ஆர்வமில்லாத பிள்ளைகூட எட்டு மணிக்குப் போன் அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

கேள்வி: மகனுக்கு 4 வயதில் பிரிந்தோம். அப்பா எங்கே என்று கேட்டபோது துபாயில் வேலை என்று சொல்லிவிட்டேன். இப்போது 6 வயது. கோர்ட் மூலம் அவர் பார்க்க வரப்போகிறார். என்ன சொல்வது?
– வாசகி, திண்டுக்கல்

இந்தத் துபாய் நம் ஊரில் எத்தனை பேரைத் தாங்குகிறது! ஒரு சிறுமியின் அப்பா இப்படித்தான் துபாயில் இருந்தார். அந்தக் குழந்தை ஒரு நாள் அம்மாச்சியோடு டவுன் பஸ்ஸில் போகும்போது, ஒரு பேக்கரி வாசலில் அவர் டீ குடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டது. வீட்டுக்கு வந்து யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் பயம். அதன்பிறகு அது அம்மாவிடம் எதையுமே கேட்பதை நிறுத்திவிட்டது.

நான் மனநல ஆலோசகர் இல்லை, வக்கீல். ஆனாலும் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக நீதிமன்ற வராந்தாவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பவள். அவர் வரும் நாளுக்கு முந்தின நாள் இல்லை, ஒரு பத்து நாள் முன்பே சொல்லுங்கள். ராத்திரி படுக்கும்போது வேண்டாம். சாயங்காலம், ஏதாவது விளையாடிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து. "அப்பா துபாயில இல்ல கண்ணு. நான் தப்பாச் சொல்லிட்டேன். அப்பா மதுரைல இருக்காரு. அப்பாவும் அம்மாவும் ஒரே வீட்டுல இருக்க முடியல, அதனால ரெண்டு வீடு. சனிக்கிழமை உன்னப் பாக்க வர்றாரு." இவ்வளவு போதும். ஊர் பேரை மாற்றிக்கொள்ளுங்கள். "நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள், கஷ்டமான வரி அதுதான். "என்னாலயா?" என்று கேட்பான், கேட்காவிட்டாலும் மனதில் இருக்கும். "உன்னால ஒண்ணும் இல்ல" என்று கேட்காமலே சொல்லுங்கள். அவரிடமும் வக்கீல் மூலமாகவாவது இதே வார்த்தைகளைச் சொல்லி அனுப்புங்கள். அவர் வந்து, "உங்கம்மாதான் என்னை விரட்டினா" என்று தொடங்கினால் உங்கள் பத்து நாள் வீண்.

பார்க்கும் இடம் நீதிமன்ற வளாகம் என்றால் முதல் ஒன்றிரண்டு தடவை சரி, பிறகு வேறு இடம் கேட்டுப் பாருங்கள். ஒரு ஊரில், ஊர் வேண்டாம், பிள்ளையைப் பார்க்க ஒதுக்கிய அறையில் சக்கரம் இல்லாத ஒரு பிளாஸ்டிக் காரும், பழைய கேஸ் கட்டு அடுக்கிய பீரோவும்தான் இருந்தன. வெளியே யாரோ பெயர் கூப்பிடும் சத்தம். அங்கே ஒரு அப்பன் பிள்ளையிடம் என்ன பேசுவான்? பூங்கா, தாத்தா வீடு, நூலகம் எதுவானாலும் அதைவிட மேல்.

கேள்வி: ஐந்து மாதமாகக் குழந்தைக்கு ஜீவனாம்சம் தரவில்லை. காசு வந்தால்தான் பிள்ளையைக் காட்டுவேன் என்று சொல்லலாமா?
– வாசகி, கரூர்

சொல்லக்கூடாது. அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு. பிள்ளையைக் காட்டவில்லை என்று அவர் பணத்தை நிறுத்தவும் முடியாது. பணத்துக்குத் தனியாக நிறைவேற்று மனுப் போடுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவிலோ, 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவிலோ வாங்கிய ஆர்டர் என்றால், ஒவ்வொரு மாதப் பாக்கியையும் அது சேர வேண்டிய தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் கேட்டாக வேண்டும், விட்டால் அந்த மாதத்துக்கு வாரண்ட் வராது. பாவம் பார்த்து இரண்டு வருஷம் காத்திருந்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஐந்து மாதம்தானே ஆகிறது, இந்த வாரமே போங்கள். அப்புறம், பள்ளிக் கட்டணம் ஏறிவிட்டது என்றால் தொகையை உயர்த்தவும் சேர்த்துக் கேட்கலாம்.

கேள்வி: மாதம் இரண்டு சனி, ஞாயிறு மகள் என் வீட்டில் தங்குவாள். 11 வயது. போன மாதம் பெரியவளாகிவிட்டாள். சீருக்கு என்னை அழைக்கவில்லை. என் அக்காவைக்கூட அழைக்கவில்லை. இப்போது, "இனிமேல் ராத்திரி தங்க வேண்டாம், ஆம்பளை மட்டும் இருக்கிற வீடு" என்கிறார்கள். நான் அவளுடைய அப்பா.
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன்: மகள் வயதுக்கு வந்ததால் அப்பாவின் உரிமை தானாக நின்றுபோகாது. உத்தரவு அப்படியே இருக்கிறது. அவர்களுக்கு மாற்றம் வேண்டுமென்றால் அவர்கள்தான் நீதிமன்றம் போக வேண்டும், வாயால் நிறுத்த முடியாது. அங்கே யாருடைய உரிமை பெரிது என்று பார்க்க மாட்டார்கள். 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 13-வது பிரிவுப்படி பிள்ளையின் நலன்தான் முதல். அதனால் உங்கள் வீடு அவளுக்குத் தோதாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்த அம்மா சொன்ன விதம் தப்பு. ஆனால் கேட்ட விஷயத்தில் ஒரு துளி நியாயம் இருக்கிறது. உங்கள் வீட்டு பாத்ரூமுக்கு உள்ளே தாழ்ப்பாள் சரியாக விழுமா? மூடி போட்ட குப்பைக்கூடை இருக்கிறதா? அவளுக்கென்று கதவுள்ள ஒரு அறை, இல்லை ஒரு பீரோ தட்டாவது இருக்கிறதா? ராத்திரி பத்து மணிக்கு நாப்கின் தேவைப்பட்டால் அவள் வாய்விட்டு உங்களிடம் கேட்க வேண்டிய நிலைமையா, இல்லை தட்டில் ஏற்கெனவே இருக்குமா? முந்தின நாளே இரண்டு அளவில் பாக்கெட் வாங்கி வைத்துவிட்டு, "பீரோ கீழ்த்தட்டுல உனக்கு வேண்டியதெல்லாம் இருக்கு சாமி" என்று ஒரே தடவை, அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிடுங்கள். அப்பன் வெட்கப்பட்டால் பிள்ளை ரெண்டு மடங்கு வெட்கப்படும்.

கொஞ்ச நாளைக்கு உங்கள் அம்மாவோ அக்காவோ அந்த இரண்டு ராத்திரியும் வந்து இருக்கட்டும், அதை அவர்களுக்கும் தெரியப்படுத்துங்கள். மகள், "இந்த வாரம் வேண்டாம்ப்பா, அடுத்த வாரம் வரேன்" என்றால் ஏன் என்று கேட்காதீர்கள். அதற்கென்று ஆர்டரில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்: மகள் கேட்டால் வாரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று. பெண் பிள்ளைகளுக்கு நான் எழுதும் மெமோவில் இப்போதெல்லாம் ஐந்து வயதிலேயே அந்த வரியைப் போட்டுவிடுகிறேன்.

சீர் விஷயம். கூப்பிடாமல் விட்டது வலிக்கும்தான். அதற்குக் கோர்ட்டில் மருந்து இல்லை. ஆனால் பட்டுப் பாவாடை எடுத்துக் கொடுக்க மண்டபம் தேவையில்லை, மைக்செட்டும் தேவையில்லை. உங்கள் அக்கா ஒரு தட்டில் வைத்து உங்கள் வீட்டில் கொடுக்கட்டும். அவளைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். அந்த வயதில் சில பிள்ளைகளுக்கு இந்த ஆர்ப்பாட்டமே பிடிக்காது, என் மகளுக்குப் பிடிக்கவில்லை.

கேள்வி: மகன் வெளிநாட்டில். மருமகள் பேத்தியைப் பார்க்கவே விடுவதில்லை. பாட்டிக்கு உரிமை இல்லையா?
– ஒரு பாட்டி, அவிநாசி

உங்களுக்கென்று தனியாக ஒரு சட்டப் பிரிவு கிடையாது அம்மா. மகன் தன் சந்திப்பு நேரத்தில், "என் தாயாரும் பார்க்கலாம்" என்று சேர்த்து உத்தரவு கேட்கலாம், அதுதான் சுலபம். 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்தில் உறவினரும் நீதிமன்றத்தை அணுக இடம் இருக்கிறது. அந்த மனுவுக்கு எங்கள் பாஷையில் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்று பேர். அதற்கு முன், வழக்கு நடந்தபோது மருமகளைப் பற்றி யாரிடம் என்ன பேசினீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மருமகள் காதுக்குப் போயிருக்கும். ஒரு தடவை நேரில் போய், முறுக்குச் சம்படத்தோடு, "தப்பாப் பேசிட்டேன்" என்று சொல்லிப் பாருங்களேன்.

கேள்வி: நான் ஏழாவது படிக்கிறேன். அப்பா வீட்டுக்குப் போக எனக்குப் பிடிக்கும். ஆனா ஞாயிற்றுக்கிழமை காலையில சிலம்பம் கிளாஸ். போக முடியலன்னு சொன்னா அம்மா, "பாத்தியா, அவனுக்கே பிடிக்கல" ங்கறாங்க. அப்பா, "உங்கம்மா சொல்லிக்குடுத்துதா" ங்கறாரு. நான் ஜட்ஜுக்கு லெட்டர் போடலாமா?
(பென்சிலில் எழுதி, ஊர் போடாமல், அம்மா வாங்கும் பத்திரிகையிலிருந்து முகவரி எடுத்து அனுப்பியது)

தம்பி, லெட்டர் போட வேண்டாம். உன் விஷயம் கோர்ட்டுக்கு மறுபடி வந்தால் ஜட்ஜே உன்னைக் கூப்பிட்டுப் பேசலாம். யோசித்துச் சொல்லும் வயது வந்த பிள்ளையின் விருப்பத்தையும் பார்க்கலாம் என்று காப்பாளர் சட்டத்தின் 17-வது பிரிவில் இருக்கிறது, அந்தச் சட்டம் உன் கொள்ளுத்தாத்தாவைவிட வயதானது, 1890. பெரும்பாலும் ஜட்ஜ் மேலே உட்கார்ந்திருக்கும் ஹாலில் பேச மாட்டார்; பின்னால் அவருடைய அறையில். அம்மா, அப்பா, என்னை மாதிரி கறுப்பு கோட்டுக்காரர்கள் எல்லாரும் வெளியே. எந்த கிளாஸ், யார் ஃப்ரெண்டு, லீவில் என்ன செய்தாய் என்றுதான் கேட்பார்கள். "அம்மா வேணுமா அப்பா வேணுமா" என்று யாராவது கேட்டால், "ரெண்டு பேரும்" என்று சொல்ல உனக்கு முழு உரிமை உண்டு. மார்க் போட மாட்டார்கள்.

ஆனால் உன் விஷயத்துக்கு ஜட்ஜ் தேவையே இல்லை என்று நினைக்கிறேன். உனக்கு அப்பாவைப் பிடிக்காமலும் இல்லை, அம்மா சொல்லிக்கொடுக்கவும் இல்லை. ஒன்பது மணிக்கு சிலம்பம், அவ்வளவுதான். இந்தப் பக்கத்தைக் கிழித்து முதலில் அம்மாவிடம் காட்டு, அவரிடமே கேட்டுவிட்டு அப்பாவுக்கும் படம் பிடித்து அனுப்பு.

உன் அம்மாவுக்கும் அப்பாவுக்கும்: சனிக்கிழமை சாயங்காலமே பையன் அப்பா வீட்டுக்குப் போகட்டும். ஞாயிறு காலை வகுப்புக்கு அப்பா கூட்டிக்கொண்டு போகட்டும். முடியும்வரை அங்கேயே நின்று பார்க்கட்டும், போனை நோண்டாமல். ஒன்றரை மணி நேரம் மகன் கம்பு சுற்றுவதைப் பார்ப்பதும் சந்திப்பு நேரம்தான். ஒத்துவந்தால் ஒரு கூட்டு மெமோவாகப் போட்டுவிடுங்கள், என் வழக்கப்படி ஒன்றையும் விடாமல்: எத்தனை மணிக்கு, எந்த மைதானம், கம்பு யார் வீட்டில் இருக்கும். கம்பு அவன் உயரத்துக்கு மேல் இருக்கும், டவுன் பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர் சத்தம் போடுவார். ஆளுக்கொரு வீட்டில் ஒவ்வொன்று வாங்கி வைத்துவிடுவதே நல்லது.